கதவு எண் இல்லாத கடிதங்கள்

கடித உறையைக் கையால் கிழிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. உறையை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே இருக்கும் தாளைக் கீழே தட்டிவிட்டு, மேல் விளிம்பில் கத்தியை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு வந்த கடிதங்களைப் பத்தொன்பது வருடமாக அப்படித்தான் பிரித்தேன். உங்கள் ஆட்கள் என் அலமாரியிலிருந்து எடுத்துப் போன கட்டுகளைப் பாருங்கள், ஒரு உறைகூடக் கிழிந்திருக்காது. தேதி வரிசையை மட்டும் கலைத்துவிட வேண்டாம்.

முப்பத்தொரு பேர் இறந்ததில் என் பங்கு என்ன என்று கேட்டீர்கள். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

மன்றத்தில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது என்றால், தொகுதியில் எத்தனை பேர் ஆதரித்து எழுதினார்கள், எத்தனை பேர் எதிர்த்து எழுதினார்கள் என்று எண்ணி ஒரே ஒரு தாளில் எழுதி உறுப்பினரின் மேஜையில் வைப்பது என் வேலை. கடிதத்தை முழுதாகப் படிப்பது என் வேலை இல்லை. எதைப் பற்றியது, ஆதரவா எதிர்ப்பா, முகவரி என்ன, இவ்வளவு பார்த்தால் போதும். உறுப்பினர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தராசு, ஜனங்க என்ன சொல்றாங்க?" என்பார். அலுவலகத்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாட்ச்மேனிலிருந்து டிரைவர் வரை என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்.

உறுப்பினர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கலே. ஜனங்கள் வேண்டாம் என்று எழுதியதற்கு ஆதரவாக ஓட்டுப் போட நேர்ந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பேருந்துக் கட்டணத்தை ஏற்றிய வருடம் அப்படி ஒரு முறை நடந்தது. திரும்பி வரும்போது காரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். இனி இந்த மனிதரை இப்படிக் கிழிபட விடக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

பிறகு தொட்டி மசோதா வந்தது. ஊர் எல்லையில் ஒரு நிறுவனம் இரண்டு பெரிய தொட்டிகளில் அமோனியா வைத்திருந்தது. மூன்றாவது கட்ட வேண்டும் என்றால் இடமில்லை. தொட்டிக்கும் வீடுகளுக்கும் நடுவே ஐந்நூறு மீட்டர் இருக்க வேண்டும் என்றது பழைய சட்டம். எண்பது மீட்டர் போதும் என்றது புதிய மசோதா. அந்த நிறுவனம்தான் எங்கள் உறுப்பினரின் கடைசி இரண்டு தேர்தலுக்கும் அதிகமாக நன்கொடை கொடுத்தது. ரகசியம் ஒன்றும் இல்லை, அச்சடித்த பட்டியலில் முதல் பெயரே அதுதான்.

நிறுவனத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். நாற்பது வருடமாக இருக்கின்றன, ஆனால் நகராட்சி அவற்றுக்கு எண் கொடுக்கவே இல்லை. அந்த வரிசையில் நான்காவது வீட்டில் என் தங்கை இருந்தாள். நீலக் கதவு. மாப்பிள்ளை லாரி மெக்கானிக். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. கதவு எண் இல்லாத கடிதம் எண்ணிக்கையில் சேராது. அடுத்த தொகுதிக்காரன் நூறு கடிதம் எழுதிப் போட்டால் யார் கண்டுபிடிப்பது? நியாயமான விதிதான். அதன்படி நான் எழுதிய தாளில் ஆதரவு பதினேழு, எதிர்ப்பு இல்லை. பதினேழும் நிறுவனத்து அதிகாரிகளின் வீடுகளிலிருந்து, அழகான கதவு எண்களோடு வந்தவை.

அந்த வாரம்தான் பொது நூலகத்தின் நூலகர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். கையில் நீள நோட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் எங்கள் உறுப்பினர் எப்படி ஓட்டுப் போட்டார், அடுத்ததில் நன்கொடை கொடுத்தவர்கள் என்ன கேட்டார்கள்.

"முப்பத்தாறு ஓட்டு சார். இருபத்தொன்பதுல பணம் குடுத்தவங்க கேட்டதுதான் நடந்திருக்கு. அதுக்காக தப்புன்னு சொல்லிட முடியுமா? ஜனங்களும் அதையே கேட்டிருக்கலாமே. அந்த மூணாவது கட்டம்தான் காலியா இருக்கு."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. என்னைப் போலவே ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவர். டீ வரவழைத்துக் கொடுத்து, என் தாள்களை எடுத்து வைத்தேன். பென்சிலால் அப்படியே எழுதிக்கொண்டார். மறுநாள் நூலகப் பலகையில் ஒட்டியும் விட்டார். தொட்டி மசோதாவை எதிர்த்து யாரும் எழுதவில்லை என்று.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை தங்கை என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, நான் எழுதினேனே. எங்க வரிசையில எல்லாருமே எழுதினோமே. லெட்டர் வரலியா?"

"வந்திருந்தா எண்ணியிருப்பேன்ம்மா."

"அப்ப மறுபடி எழுதறோம். இந்தத் தடவை பதிவுத் தபால்ல போடறோம். வீட்டு நம்பர் கேப்பாங்களா? எங்களுக்குத்தான் நம்பரே கெடையாதே. உன் வீட்டு நம்பரைப் போட்டுக்கட்டுமா?"

"பொய் முகவரி போடறது தப்பும்மா."

"நீ சொன்னா சரிதான்" என்றாள். குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் ஐம்பத்தெட்டு பதிவுத் தபால் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தபால்காரரிடம் கொடுத்தேன். அதில் நான் என்றுமே சோம்பல் பட்டதில்லை. பிறகு உறைகளைப் பிரித்து, கட்டி, அலமாரியில் வைத்தேன். உறுப்பினர் என் தாளைப் பார்த்தார். "பரவால்லியே, யாருக்குமே ஆட்சேபணை இல்ல" என்று சிரித்தார். மறுநாள் ஆதரித்து ஓட்டுப் போட்டுவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டார். பக்கத்தில் நின்று பார்த்தேன், நிறைவாக இருந்தது.

பதினொரு மாதம் கழித்து, ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு மூன்றாவது தொட்டியின் வால்வு விட்டுப்போனது. காற்று பின்சுவர் வரிசைப் பக்கம் வீசியது. குழந்தைகள் பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பட்டறையில் இருந்ததால் தப்பித்தார்.

ஒரு வாரம் கழித்து அவர் நூலகர் அம்மாவோடு அலுவலகத்துக்கு வந்தார். தகரப் பெட்டியில் தங்கை பத்திரப்படுத்தியிருந்த ஒப்புகை அட்டையை என் மேஜையில் வைத்தார். எப்போதும் மச்சான் என்று கூப்பிடுகிறவர் அன்று கூப்பிடவில்லை. நூலகர் அம்மா மற்ற அட்டைகளையும் ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தார். கிடைத்தது நாற்பத்து மூன்று.

"எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதான் சார். என் மூணாவது கட்டத்துல நானே என் கையால பொய் எழுதியிருக்கேன்" என்றார். அவர் அழுதது எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் மேல் ஒரு தவறும் இல்லை, அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

கதவு எண் விதி எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டீர்கள். தங்கையின் முதல் கடிதம் வந்த காலையிலிருந்து. நான்தான் போட்டேன். அட்டையில் அழகாக எழுதி என் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கு முந்தைய பதினெட்டு வருடம் எண் இல்லாத கடிதங்களையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. கடிதங்களைப் படிப்பதில்லை என்றேன். அவளுடைய பதிவுத் தபாலைப் படித்தேன். "அண்ணா, கவர்ல ஐயா பேரு இருந்தாலும் நீதான் மொதல்ல பிரிப்பேன்னு தெரியும், அதான் உனக்கே எழுதறேன். இப்பவே ஜன்னலைத் தொறக்க முடியல. பாப்பா கண்ணைக் கசக்கிக்கிட்டே தூங்கறா. எங்களையும் எண்ணிக்கோண்ணா. மூணு பேரு இருக்கோம்."

மூன்று முறை படித்தேன். பிறகு மேல் மூலையில் முகவரியைப் பார்த்தேன். கதவு எண் இல்லை. நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.