ஐந்து சொல் எழுதினேன், இருநூற்றுப் பத்து வீடு நம்பியது

அவைக்குத் தலைமை ஏற்று, என் பெயரை என்னைவிட அழகாக உச்சரித்துவிட்டு அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெருமதிப்பிற்குரிய ஆரோக்கியராஜ் ஐயா அவர்களே! பாலக்கோட்டில் படிப்பவர்களைத் தேடித் தேடிச் சேர்த்து இந்த வாசகர் வட்டத்தை வளர்த்தெடுத்த வல்லவர்களே! தக்காளி மண்டியில் கூடைகளை இறக்கிவிட்டு, கழுவிய கையின் ஈரம் காயும் முன்னே முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் கையில் கைப்பேசியுமாக வந்திருக்கும் தாய்மார்களே! நாளை முதல் வலைப்பூ எழுதப் பழகப் போகும் தோழியரே, தோழர்களே! மாரண்டஹள்ளியில் தையல் கடை நடத்தும் கவிப்பிரியாவின் பணிவான வணக்கம் உங்கள் ஒவ்வொருவருக்கும் உரியதாகுக.

நாற்காலி போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். உட்கார முடியவில்லை ஐயா. மூன்று மாதமாக என்னால் எங்கேயும் உட்கார முடியவில்லை.

எனக்குத் தந்த தலைப்பு, 'வாசகரின் நம்பிக்கையை வெல்வது எப்படி?' வெல்வதா? வெல்வது எளிது, அவையோரே! நான் வென்றேன். வென்ற நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைச் சொல்லத்தான் இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் தவணையில் ஒரு மிக்சி வாங்கினேன். மூன்றாம் மாதம் புகைந்தது. கடைக்காரர் கைவிரித்தார், கம்பெனிக்காரர் கதவடைத்தார். யாரிடம் சொல்வேன்? கைப்பேசியிடம் சொன்னேன். கண்ணீரும் கோபமுமாகத் தட்டித் தட்டி எழுதினேன். 'வாங்கலாமா வேண்டாமா' என்று அந்த வலைப்பூவுக்குப் பெயர் வைத்தேன். படித்தவர்கள் கேட்டார்கள்: 'அக்கா, கிரைண்டர் எது வாங்கலாம்? அக்கா, தையல் மிஷின் மோட்டார் எது நிக்கும்?' நான் வாங்கினேன், வைத்துப் பார்த்தேன், வருத்திப் பார்த்தேன், பிறகே எழுதினேன். ஒரு டார்ச் லைட்டைப் பற்றி எழுத அதை மாட்டுக் கொட்டகையில் ஒரு மாதம் தொங்கவிட்டவள் நான்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மாடுகூட அதை நம்பியது, உண்மைதான்.

ஒரு மாதம் பயன்படுத்தாமல் ஒரு வரி எழுதமாட்டேன் என்று ஊரறியச் சொன்னவள், சென்ற ஆண்டு என்ன செய்தேன்? 'சுனைத்துளி' என்றொரு குடிநீர் வடிகட்டி வந்தது. நான் வாங்கவில்லை, அவர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். விலையில்லை. என் பதிவைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் எனக்கு ஒரு பங்கு என்றார்கள். வெள்ளை உடம்பு, நீல மூடி. பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஆறாம் நாளே எழுதிவிட்டேன். தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று எழுதினேன், அது நான் கண்டது. குளோரின் வாடை இல்லை என்று எழுதினேன், அது நான் நுகர்ந்தது. அதோடு நின்றேனா? பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளைப் பார்த்து, என் சொந்தச் சொல்லைப் போல இன்னும் ஐந்து சொல் சேர்த்தேன்: 'பல்லைக் கெடுக்கும் ஃபுளோரைடையும் அடியோடு நீக்கிவிடும்.'

நான் கண்டேனா? இல்லை. நான் சோதித்தேனா? இல்லை. என் வீட்டுக் குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீர். அதில் அந்தக் கேடும் இல்லை, எனக்கு அந்தக் கவலையும் இல்லை. கவலை இல்லாதவள் கவலைப்பட்டவருக்கு மருந்து எழுதினேன்!

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு சிற்றூரில் தீர்த்தம்மாள் என்றொரு தாய். மரவள்ளிக் கிழங்கு மில்லில் கூலி வேலை. மூத்தவள் காவியாவுக்கு ஒன்பது வயது. ஃபுளோரைடு கலந்த ஆழ்குழாய்ப் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை, முன்பற்களில் பழுப்புக் கறை. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். அடுத்தது ஒரு பையன், அப்போது ஒன்றரை வயது. அவனுக்காவது இந்தக் கறை வரக்கூடாது என்று, ரோட்டோரக் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரை நாளும் இரண்டு குடம் நடந்து போய்ச் சுமந்து வந்தார் அந்தத் தாய். மழையிலும் சுமந்தார், மில் முடிந்து இடுப்பு ஒடிந்த நாளிலும் சுமந்தார்.

என் ஐந்து சொல்லைப் படித்தார். சீட்டு எடுத்து வடிகட்டி வாங்கினார். குடத்தைக் கவிழ்த்தார்.

பத்து மாதம்! பத்து மாதம் அந்தப் பிள்ளை போர் தண்ணீரை வடிகட்டியில் ஊற்றிக் குடித்தது. பிறகு என் பதிவின் கீழே ஒரு கேள்வி வந்தது: 'அக்கா, டீ போட்டா பழைய மாதிரியேதான் இருக்குது. இது நெசமா அதை எடுக்குதுங்களா?' நான் என்ன பதில் எழுதினேன்? 'நிச்சயமாக எடுக்கும் சகோதரி' என்று எழுதினேன். கும்பிடும் கைப் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். மறுவாரம் அவர் மறுபடி கேட்டார்: 'நீங்க பாத்தீங்களா அக்கா?'

நீங்க பாத்தீங்களா அக்கா! மூன்றே சொல். என் ஏழாண்டு எழுத்தை அந்த மூன்று சொல் எழுப்பி நிறுத்திவிட்டது. அவரிடமே முகவரி கேட்டுக்கொண்டு, மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு பாட்டிலோடு பேருந்து ஏறினேன்.

தீர்த்தம்மாள் வாசலிலேயே நிறுத்தவில்லை, உள்ளே கூப்பிட்டார். "வாங்கக்கா, உள்ள வாங்க. ஃபோட்டோவுல பாத்த மாதிரியே இருக்கறீங்க" என்றார். வடிகட்டியில் ஊற்றும் தண்ணீர் ஒரு பாட்டில், வடிந்த தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்தேன். பக்கத்திலேயே நின்ற காவியா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "அக்கா, தம்பிக்கு என்ன மாதிரி வராதில்லீங்க?"

பாட்டில் மூடியை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

தருமபுரியில் தண்ணீர் பரிசோதிக்கும் இடத்தில் கொடுத்தேன். நாலாம் நாள் தாள் கைக்கு வந்தது. குடிக்கத் தக்க அளவு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரை. ஊற்றும் முன் மூன்று புள்ளி இரண்டு, வடிந்த பின் மூன்று புள்ளி ஒன்று. அங்கே இருந்த அம்மா சொன்னார்: "இது மண்ணு எடுக்குமுங்க, நாத்தம் எடுக்குமுங்க. ஃபுளோரைடு எடுக்கறதுக்கு இது ஆவாதுங்க." பல் மருத்துவரையும் கேட்டேன். பையனுக்கு ஈறுக்குள்ளே இப்போது உருவாகிக்கொண்டிருக்கும் பற்கள் ஆறேழு வயதில்தான் வெளியே வரும், கெட்டதா கெடவில்லையா என்று அன்றைக்குத்தான் தெரியும் என்றார்.

கேட்டீர்களா? இன்னும் நாலைந்து ஆண்டு! இப்போது புரிகிறதா, ஏன் என்னால் உட்கார முடியவில்லை என்று?

தாளை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். சொன்னேன். அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் அழவில்லை. கையை விடுவித்துக்கொண்டார்.

"மன்னிப்பு இருக்கட்டுங்க. நீங்க எழுதுனதப் பாத்து நான் வாங்குனேன். நான் சொன்னதக் கேட்டு எங்க தெருவுல இன்னும் நாலு வூட்டுல வாங்கியிருக்காங்க. அவங்களுக்கு உங்கள யாருன்னே தெரியாது. என்னத்தான் தெரியும். நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுங்க போவேன்?"

பிறகு அவரே செருப்பை எடுத்து மாட்டினார். "வாங்க, போலாம். சொல்லாம இருந்தா இன்னைக்கும் அதத்தானே குடிப்பாங்க" என்றார்.

நாலு வீட்டுக்கும் போனோம். முன்னால் அவர், பின்னால் நான். முதல் வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். இரண்டாம் வீட்டில் மோர் கொடுத்தார்கள், அதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது. மூன்றாம் வீட்டில் நஞ்சப்பன் என்பவர் என்னைப் பார்க்கவே இல்லை, தீர்த்தம்மாளைத்தான் திட்டினார்: "உம் பேச்சக் கேட்டு வாங்குனேன் பாரு, என்னச் சொல்லணும்!" குறுக்கே போய், "தப்பு என்னுதுங்க, அவங்கள வையாதீங்க" என்றேன். தீர்த்தம்மாள் என்னை ஒதுக்கி நிறுத்தினார். "திட்டட்டும் விடுங்கக்கா. எங்கிட்டதான் கேட்டாரு, எங்கிட்டதான் திட்டுவாரு" என்றார்.

வலைப்பூ தெரியாது, விளம்பரம் தெரியாது, வாசகர் எண்ணிக்கை தெரியாது. ஒரு பொருளை நல்லது என்று சொன்னவர் அது கெட்டது என்று தெரிந்த அன்றைக்கே போய் நின்று சொல்ல வேண்டும் என்பது மட்டும் அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. கையொலி வேண்டாம். கையொலி எனக்கு வேண்டாம். அதை அவருக்குத் தட்டுங்கள்!

அன்று மாலையே எழுதினேன். பழைய பதிவை அழிக்கவில்லை. அதன் தலைமேல் அந்தப் பரிசோதனைத் தாளின் படத்தைப் போட்டேன். பொருளை இலவசமாகப் பெற்றேன், பங்கும் பெற்றேன், பார்க்காததை எழுதினேன், குடிக்காதீர்கள் என்று எழுதினேன். கம்பெனியிலிருந்து கதிரவன் என்பவர் பேசினார்.

"மேடம், ரெண்டு பதிவையும் எடுத்துருங்க. யாருக்கும் தொந்தரவு இல்லாம முடிஞ்சிரும்."

"நான் எடுத்துட்டா, வூட்டுல இருக்கற ஃபில்டர் என்னாவுங்க?"

"அதெல்லாம் இருநூத்துப் பத்துதாங்க போயிருக்குது உங்க மூலமா. விடுங்க."

"இருநூத்துப் பத்து'தான்'னா சொன்னீங்க? அப்ப அந்த வூட்டு முகவரியெல்லாம் குடுங்க."

தர முடியாது என்றார். வக்கீல் கடிதம் வந்தது. பதிவை நான் எடுக்கவில்லை, கடிதத்தையும் அதிலேயே போட்டேன். அடுத்து வந்த பெட்டிகளில் அந்த ஐந்து சொல்லைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள். நல்லது. ஆனால் முன்னே போன பெட்டிகள்? பதிவைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள், தேடிப் போய் நான் கண்டவர்கள், எல்லாம் சேர்த்து அறுபத்தொரு வீடு. மீதி நூற்று நாற்பத்தொன்பது வீடு எங்கே? அரூரிலா? காரிமங்கலத்திலா? இதே பாலக்கோட்டிலா? என் சொல்லை நம்பி இன்று காலையும் ஒரு தாய் அந்தக் குழாயைத் திருகி ஒரு டம்ளர் பிடித்திருப்பாளே, அவள் எங்கே?

இந்த வேதனையில் எனக்கு வேறெந்த உபதேசமும் வரவில்லை, தோழியரே! எழுதுங்கள். அஞ்சாமல் எழுதுங்கள். படித்தவர் மட்டும்தான் எழுத வேண்டுமா? பாத்திரம் தேய்ப்பவர் எழுதட்டும், பாரம் சுமப்பவர் எழுதட்டும். சும்மா வந்த பொருளைச் சும்மா வந்தது என்று எழுதுங்கள். ஒன்று தெரியாவிட்டால், தெரியாது என்று எழுதுங்கள், அதற்கு வெட்கப்படாதீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரை வைத்து அடுத்த வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 'நீங்க பாத்தீங்களா?' என்று ஒரு குரல் கேட்டால், பதிலுக்குக் கும்பிடும் கையை அனுப்பாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்!

தீர்த்தம்மாள் மறுபடி குடம் எடுத்துவிட்டார். இப்போது அவரும் எழுதுகிறார். என் வலைப்பூவில் அவருக்கென்று ஒரு பக்கம் உண்டு. என் எழுத்தைவிட அதை அதிகம் பேர் படிக்கிறார்கள். எனக்குப் பழைய வாசகரில் பாதிப் பேர் இல்லை. போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அவையோரே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளை உடம்பு, நீல மூடி, சுனைத்துளி. இந்த மண்டபத்தில் யார் வீட்டிலாவது இருக்கிறதா? கூச்சப்படாதீர்கள், வெட்கப்பட வேண்டியவள் நான் ஒருத்திதான்.

என்னங்கம்மா? தூணுக்குப் பக்கத்துல, பச்சைப் புடவை... உங்க வூட்டுலயா? போர் தண்ணியா ஊத்தறீங்க? சின்னப் புள்ளைங்க இருக்கா? ரெண்டா? உங்க பின்னாலயும் ஒரு கை தெரியுது. அண்ணா, நீங்களுமா?

உட்காராதீங்க, ரெண்டு பேரும் அப்படியே நில்லுங்க.

தலைவர் அவர்களே, வாய்ப்பளித்த வாசகர் வட்டமே, பொறுமையோடு கேட்ட பெருமக்களே, என் நன்றியை நின்று சொல்ல நேரமில்லை, நடந்துகொண்டே சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்தாமல் சிரித்து வாழட்டும். வணக்கம். கீழே இறங்கி வருகிறேன் அம்மா, உங்க வூடு எந்தப் பக்கம்?