நிப்பாட்டாத இஞ்சின்

கிளிநொச்சியிலிருந்து உருத்திரபுரம் போகும் பஸ், மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கியபடி சந்தையடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. ஓடுவது மண்ணெண்ணெயில் என்றாலும், ஒருக்கால் நிப்பாட்டினால் திரும்பக் கிளப்பக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். சண்டைக்கால எரிபொருள் தடைக்குள் பெற்றோலுக்கு எங்கே போவது? இஞ்சின் உறுமிக்கொண்டேயிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். அவர்களில் கொழும்பிலிருந்து ஊருக்கு வந்திருந்தவ சொன்னா:

"உந்தப் பழக்கத்தாலை நான் கொழும்பிலை கள்ளியெண்டு பிடிபடப் பாத்தனான்."

"என்னக்கா சொல்லுறியள்?"

"சங்கிலி ஒட்டுவிக்க நகைக்கடைக்கு ஓட்டோவிலை போனனான். இறங்கேக்கை, 'இஞ்சினை நிப்பாட்டாதேங்கோ, ஓடி வாறன்' எண்டு சொல்லிப்போட்டன். பழக்கத்திலை வாயிலை வந்திட்டுது."

"அதுக்கென்ன?"

"கடையைக் கொள்ளையடிக்கப் போறன் எண்டு ஓட்டோக்காரன் நினைச்சிட்டான். வெளியிலை வந்தால் பொலிசோடை நிக்கிறான்."

"ஐயோ. பேந்து?"

"ஐடென்ரிக்காட்டிலை வெள்ளவத்தை விலாசம் இருந்தபடியால் தப்பினன். ஆனால் ஏன் அப்பிடிச் சொன்னனீ எண்டு கேட்டாங்கள்."

"மண்ணெண்ணெய்க் கதையைச் சொல்லியிருக்கலாமே."

"உனக்கென்ன விசரே? கிளிநொச்சி ஆளெண்டு அதிலையே தெரிஞ்சு போமெல்லே, பேந்து புலியெண்டு சந்தேகப்படுவாங்கள். திரும்ப ஸ்ராட் பண்ணினால் கூடக் காசு கேப்பான் எண்டு பயந்தனான் எண்டன். பொலிஸ்காரன் விழுந்து விழுந்து சிரிச்சான். அந்த ஓட்டோக்காரன் இப்பவும் ரோட்டிலை கண்டால் என்னைக் கஞ்சப்பிசினாறி எண்டுதான் பாக்கிறான்."

"வெக்கமாயில்லையே அக்கா?"

அவ சங்கிலியை இழுத்துச் சட்டைக்குள் விட்டா.

"கஞ்சப்பிசினாறியளைப் பிடிச்சு உள்ளுக்கை போட மாட்டாங்களெல்லே."