ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படம்

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். முக்கியமானதை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று பெட்டிக்குள் இருக்கட்டும், இன்னொன்று ஒரு பென் டிரைவிலாவது இருக்கட்டும். ஆம்பூர் பஜாரில் பதினெட்டு வருஷமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இதைச் சொல்லாமல் ஒருத்தரையும் அனுப்பியதில்லை. எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அப்புறம் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழாத குறையாக வந்து நிற்பார்கள்.

சவுரியம்மாளும் ஜூன் மாதம் அப்படித்தான் வந்தார். ஷூ கம்பெனியில் தைக்கிற வேலை. ஒரே மகன் ஜோசுவா மார்ச்சில் பைபாஸ் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். அவன் போனும் அங்கேயே நொறுங்கிவிட்டது. மிச்சமிருந்தது அவன் வாங்கி வைத்த கம்ப்யூட்டர். அதுவும் ஆன் ஆகவில்லை.

"போட்டோ வந்தா சரி, வராட்டியும் போவுது தம்பி," என்றார். "உள்ள அவன் பேசுன வீடியோ ஒண்ணு இருக்குது. அத எடுத்துக் குடு. எனக்குக் காது போய்ட்டே இருக்குது. வருஷக் கடைசி வரைக்கும் கேட்டா பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கேக்குறப்பவே ஒருவாட்டி அவன் கொரலக் கேட்டுடணும்."

பாஸ்வேர்டு கேட்டேன். உடனே சொன்னார். பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

திறந்து பார்த்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற கேபிள் கழன்றிருந்தது, அவ்வளவுதான். செருகினேன். ஒன்றும் அழியவில்லை. இருபது படங்கள், ஒரு வீடியோ. அதில் மகன் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறான். "அம்மா, மொதல்ல இந்தப் பட்டன அமுக்கு. அவசரப்படாத, கொஞ்ச நேரம் ஆவும். பாஸ்வேர்ட யாராண்டயும் சொல்லாத. ரிப்பேருக்குக் குடுத்தா பக்கத்துலயே உக்காந்துக்கோ. யாரு எத சொன்னாலும் நீ நம்பிடுவ." எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல பையன். நான் ஊருக்குச் சொல்வதைத்தான் அவனும் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தார். கையில் டிபன் பாக்ஸ்.

"நீ சாப்ட்டியா தம்பி? மொதல்ல சாப்டு. அப்புறம் பாக்கலாம்."

என் மனைவி கோபித்துக்கொண்டு குடியாத்தம் போய் ஆறு வருஷமாகிறது. அந்த ஆறு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். வீடியோவைக் கொடுத்திருந்தால் டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு போயிருப்பார். மறுபடி என் கடையில் அவருக்கு என்ன வேலை?

டிஸ்க் சூடாகிறது என்றேன். வாரத்துக்கு ஒரு படம்தான் எடுக்கலாம், அவசரப்பட்டால் எல்லாமே போய்விடும் என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார். "ஊசி சூடானா நூலு அறுந்துடும். மெசின ஆறவெச்சிதான் ஓட்டணும். நீ நிதானமா செய்."

முப்பது வருஷம் தைத்தவர். என் பொய்யை அவரே தைத்து முடித்துவிட்டார்.

அதிலிருந்து வாரம் ஒரு படம் கொடுத்தேன். சின்ன வயதில் சர்ச்சில் முதல் தடவை நன்மை வாங்கிய படம், வறண்ட பாலாற்றில் கிரிக்கெட் ஆடிய படம், கணியம்பாடி அத்தை வீட்டில் மாட்டுக்குப் பயந்து ஓடுகிற படம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வார். சிரிப்பார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன். என் வாழ்க்கையில் அதுபோல் நல்ல ஞாயிற்றுக்கிழமைகள் இருந்ததில்லை.

ஆகஸ்டில் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. செப்டம்பரில் என் உதட்டைப் பார்க்க ஆரம்பித்தார். நான் கவனிக்காமல் இல்லை. நாற்காலியை அவருடைய வலது காதுப் பக்கம் போட்டுக்கொண்டேன். இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் நினைத்தேன்.

பக்கத்துச் செருப்புக் கடை ஆபித் பாஷா ஒருநாள் கேட்டார். "இன்னா காசி, அந்தம்மா வேல இன்னும் முடியலியா? ஜாஸ்தி பேஜாரு புடிச்ச சிஸ்டமா இருக்குதே."

ஆமாம் என்றேன்.

கல்லறைத் திருநாள் இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையே வந்தது. படங்களும் தீர்ந்திருந்தன. அன்றைக்கு வீடியோவைக் கொடுப்பதுதான் பொருத்தம் என்று முடிவு செய்தேன். புது ஸ்பீக்கர்கூட வாங்கி வைத்தேன். கல்லறையிலிருந்து நேராக வந்தார். விரலில் மெழுகு ஒட்டியிருந்தது. உட்கார வைத்துப் போட்டேன்.

ஜோசுவா பேசினான். சத்தத்தை முழுசாகத் திருப்பி வைத்தேன். ஆபித் பாஷா தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

சவுரியம்மாள் திரையைத் தொட்டார். "வாய் அசையுது தம்பி. சத்தம் வரலியே. அதுவும் அழிஞ்சிபோச்சா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த மனசு தாங்காது. அவருக்காகத்தான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ இன்னா பண்ணுவ. எவ்ளோ கஷ்டப்பட்ட எனக்காக." டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தார். எழுந்தார்.

பில் புத்தகத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன்: சத்தத்தையும் எடுத்துவிடலாம் அம்மா. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். அடுத்த ஞாயிறு வாங்க.

இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வர்றேன் தம்பி. இன்னா கொழம்பு வேணும் உனக்கு?"

மீன் என்று எழுதினேன்.