பந்தயச் சுருட்டு

பல்செட்டுக்காரர்: அதுல வேண்டாம் மச்சான், ஒரு கால் ஆடும். இந்த நாற்காலியில உக்காருங்க.

கிரேன்காரர்: முப்பது வருஷம் துறைமுகத்துல கிரேன் மேல உக்காந்தவன் சார் நான். உங்க வீட்டு மொட்டைமாடி நாற்காலிக்கா பயப்படுவேன்... அட, ஆமா, ஆடுதே.

பல்செட்டுக்காரர்: சொன்னா கேக்கணும்.

கிரேன்காரர்: ஊரு பல்லையெல்லாம் ஆடாம நிறுத்தறீங்க. ஒரு நாற்காலியை நிறுத்தத் தெரியல.

பல்செட்டுக்காரர்: பேச்சை மாத்தாதீங்க. கொண்டுவந்தீங்களா?

கிரேன்காரர்: எதை?

பல்செட்டுக்காரர்: மச்சான்...

கிரேன்காரர்: ஓ, அதுவா. எங்கயோ பரண்ல கிடந்துச்சு. கிடைக்குமோ என்னவோன்னு...

பல்செட்டுக்காரர்: சட்டைப் பை புடைச்சுக்கிட்டு நிக்குது.

கிரேன்காரர்: அது மூக்குக்கண்ணாடிக் கூடு.

பல்செட்டுக்காரர்: யாரோட கண்ணாடிக் கூடும் இம்மாம் பெருசா இருக்காது.

கிரேன்காரர்: சரி, சரி. இந்தாங்க. பெட்டியோட பிடிங்க. கொஞ்சம் இருங்க, உடனே திறக்காதீங்க.

பல்செட்டுக்காரர்: இருபத்தஞ்சு வருஷம் இருந்தாச்சு. கல்யாணத்தன்னிக்கு வாசல்ல நின்னு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

கிரேன்காரர்: வயசாச்சு. மறந்துபோச்சு.

பல்செட்டுக்காரர்: எனக்கு மறக்கல. 'பொய்ப்பல்லு செய்யறவன் குடும்பமும் பொய்ப்பல்லு மாதிரிதான், ராத்திரியானா கழண்டுடும்'னீங்க.

கிரேன்காரர்: அவ்வளவு நல்லாவா பேசினேன்?

பல்செட்டுக்காரர்: கப்பல் கேப்டன் கொடுத்த சுருட்டைத் தூக்கிக் காட்டினீங்க. 'இருபத்தஞ்சு வருஷம் என் தங்கச்சி இவரோட இருந்துட்டா, நானே என் கையால இதைப் பத்த வெச்சுத் தர்றேன். அன்னிக்கு இவரை மாப்பிள்ளன்னு கூப்பிடறேன். இல்லன்னா சுருட்டு எனக்கு. அதுவரைக்கும் இவர் எனக்கு வெறும் சார்தான்.' எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல.

கிரேன்காரர்: நீங்க அன்னிக்கு எதுக்குமே சிரிக்கல சார். போட்டோவைப் பாருங்க. பல்லு வியாபாரி, ஒரு பல்லைக்கூடக் காட்டல.

பல்செட்டுக்காரர்: இன்னியோட இருபத்தஞ்சு. கீழ கேக்கு வெட்டியாச்சு. சுருட்டுகூட எனக்கு வேண்டாம் மச்சான். அந்த ஒரு வார்த்தை...

கிரேன்காரர்: முதல்ல சுருட்டு. வார்த்தை எங்க ஓடிப்போகுது?

தங்கை: அண்ணா... படியில நின்னு கத்தறேன், காதுல விழல? ரெண்டு பேரும் மேல என்ன பண்றீங்க?

கிரேன்காரர்: காத்து வாங்கறோம்மா.

தங்கை: கீழ மூணு ஃபேன் ஓடுது.

பல்செட்டுக்காரர்: நீ போம்மா. வந்தவங்களைக் கவனி.

தங்கை: அந்தக் கருமத்தைத்தான் பத்த வைக்கப்போறீங்கன்னு தெரியும். சாம்பல் என் செடித்தொட்டியில விழுந்துச்சு... ரெண்டு பேருக்கும் பல்செட்டு தேவைப்படும்.

கிரேன்காரர்: எனக்கு ஏற்கெனவே இருக்குடி.

பல்செட்டுக்காரர்: ...போயிட்டா. மச்சான், ஒரு விஷயம் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நான் கடையில புதுச் சுருட்டு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்.

கிரேன்காரர்: எதுக்கு?

பல்செட்டுக்காரர்: சுருட்டு சும்மா கிடந்தா ரெண்டு வருஷத்துல சருகாயிடும், தொட்டா உதிரும்னார் கடைக்காரர். இன்னிக்கு நாலு பேர் வர்ற இடத்துல உங்க மானம் போகக் கூடாதேன்னு...

கிரேன்காரர்: பெரிய மனசுதான். திறந்து பாருங்க.

பல்செட்டுக்காரர்: ...என்ன இது?

கிரேன்காரர்: சுருட்டு.

பல்செட்டுக்காரர்: மெத்துன்னு இருக்கு. அமுக்கினா அமுங்கி, திரும்ப எழுந்துக்குது. வாசனை பாருங்க... காஞ்ச திராட்சை மாதிரி.

கிரேன்காரர்: கப்பல் சரக்கு. சீக்கிரம் கெடாது.

பல்செட்டுக்காரர்: மூடிக்குள்ள ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கு. ஈரமா வேற இருக்கு.

கிரேன்காரர்: மழையில நனைஞ்சிருக்கும்.

பல்செட்டுக்காரர்: மழை பேஞ்சு மூணு மாசம் ஆச்சு.

கிரேன்காரர்: அப்ப வேர்வை.

பல்செட்டுக்காரர்: கடைக்காரர் இதையும் சொன்னார். காய்ச்சி ஆறின தண்ணியில மாசாமாசம் ஸ்பாஞ்சை நனைச்சு வைக்கணுமாம். கூடினா பூஞ்சை, குறைஞ்சா சருகு. கைக்குழந்தை மாதிரி பாத்துக்கணும்னார்.

கிரேன்காரர்: அந்தக் கடைக்காரன் ரொம்பப் பேசறான்.

பல்செட்டுக்காரர்: மாசம் ஒண்ணுன்னா முந்நூறு தடவை மச்சான். நீங்க தோத்தாதான் இருபத்தஞ்சாம் வருஷம் எனக்குப் பத்த வெக்கணும். தோக்கற பந்தயத்துக்கு யாராவது இப்படித் தண்ணி வெப்பாங்களா?

கிரேன்காரர்: அட, உங்க குடும்பம் உடைஞ்சா எனக்குத்தானே சுருட்டு. நான் குடிக்கறதுக்காகப் பாத்துக்கிட்டேன்.

பல்செட்டுக்காரர்: அப்ப ஒன்பதாம் வருஷம் ஏன் குடிக்கல?

கிரேன்காரர்: ...ஒன்பதாம் வருஷம் என்ன?

பல்செட்டுக்காரர்: அவ பெட்டியோட உங்க வீட்டுக்கு வந்தாளே.

கிரேன்காரர்: வரலியே. யார் சொன்னா?

பல்செட்டுக்காரர்: அவ சொல்லல. 'அண்ணன் வீடு பூட்டியிருந்துச்சு, திரும்பிட்டேன்'னுதான் இன்னிக்கு வரைக்கும் சொல்றா.

கிரேன்காரர்: அப்ப பூட்டித்தான் இருந்திருக்கும்.

பல்செட்டுக்காரர்: நான் உங்க வீட்டு மாடிப்படியில நின்னுக்கிட்டிருந்தேன், மச்சான். சண்டை என்னவோ சின்னது. சாப்பிடற மேசையில பல்லை அடுக்காதீங்கன்னா. நாளைக்குக் கொடுக்கணும், எங்க வெப்பேன்னேன். ஆனா அதுக்கு முன்னாடியே மூணு மாசமா பேச்சு இல்ல. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி... அன்னிக்கு அவ கிளம்பிப் போனதும்...

கிரேன்காரர்: பின்னாலயே கூப்பிட வந்தீங்க. நல்ல விஷயம்தானே சார்.

பல்செட்டுக்காரர்: கூப்பிட வரல. அவ விட்டுட்டுப் போன துணிமணி, சீப்பு, படிச்ச சர்டிபிகேட்டு... எல்லாத்தையும் ஒரு பையில போட்டுத் தூக்கிட்டு வந்தேன். கொடுத்துட்டு முடிச்சுக்கலாம்னு. இது அவளுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க.

கிரேன்காரர்: ம்.

பல்செட்டுக்காரர்: பாதிப் படி ஏறினேன். உள்ள உங்க குரல். தெருவுக்கே கேக்கற மாதிரி. 'பெட்டியோட வந்துட்டியா? சபாஷ். நான் ஜெயிச்சுட்டேன். பத்து வருஷம்கூடத் தாங்கல பாத்தியா, எங்க தீப்பெட்டி, இன்னிக்கே பத்த வைக்கறேன்...'

கிரேன்காரர்: அப்படியா கத்தினேன்?

பல்செட்டுக்காரர்: எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது. இந்த மனுஷனை ஜெயிக்க வைக்கவா பையைத் தூக்கிட்டு வந்தேன்னு... ஒரே ஓட்டம். அவ வந்து சேர்றதுக்குள்ள துணியெல்லாம் அலமாரிக்குள்ள அடுக்கிட்டேன். மேசையில இருந்த பல்லையெல்லாம் வாரி டப்பாவுல கொட்டிட்டேன். அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அந்த மேசையில தட்டு மட்டும்தான்.

கிரேன்காரர்: அவளும் லேசுப்பட்டவ இல்ல. 'உன்னை ஜெயிக்க விட்டா நான் உன் தங்கச்சியே இல்ல'ன்னு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா. ஒரு வாய் தண்ணி குடிக்கல.

பல்செட்டுக்காரர்: ரொம்ப வருஷம் உங்களை வெறுத்தேன் மச்சான். இன்னிக்கு இந்த ஸ்பாஞ்சைத் தொட்டதும்தான்... அவளைத் திருப்பி அனுப்பத்தானே அப்படிப் பேசினீங்க?

கிரேன்காரர்: தீப்பெட்டி எங்க?

பல்செட்டுக்காரர்: பதில் சொல்லுங்க.

கிரேன்காரர்: காத்து அடிக்குது, இப்படித் திரும்புங்க. கையைக் குவிச்சுக்குங்க. ம்... மெதுவா இழுங்க. நெஞ்சுக்குள்ள விடக் கூடாது, வாயோட வெச்சு வெளிய விடணும்... சொல்றேன்ல...

பல்செட்டுக்காரர்: அம்மாடி... இருங்க... இருமல்...

தங்கை: யாருக்கு அங்க இருமல்?

கிரேன்காரர்: காத்துக்கும்மா. எப்படி சார் இருக்கு?

பல்செட்டுக்காரர்: முதல்ல காரம். அப்புறம்... நல்லாயிருக்கு மச்சான். ரொம்ப நல்லாயிருக்கு. நீங்களும் ஒரு இழுப்பு.

கிரேன்காரர்: நீங்க செஞ்ச பல்லாலயே, உங்ககிட்ட தோத்த சுருட்டைக் கடிக்கணும். தலையெழுத்து. கொடுங்க.

பல்செட்டுக்காரர்: பாத்து. கீழ்ப்பல்லு குத்துதுன்னு போன வாரம்கூட வந்தீங்களே.

கிரேன்காரர்: அது குத்தவே இல்ல. ஒருநாளும் குத்தினதில்ல. உங்க கடையில வந்து கொஞ்ச நேரம் உக்கார ஒரு சாக்கு வேணாமா?

பல்செட்டுக்காரர்: அத்தனை தடவையும் பல்லை அரத்தால ராவி ராவிக் கொடுத்தேனே.

கிரேன்காரர்: ராவற மாதிரி நீங்க பாவனை பண்ணினது எனக்குத் தெரியாதா?

பல்செட்டுக்காரர்: சரி, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பதினாறு வருஷமா யோசிக்கறேன், பிடிபடல. அவ உங்க எதிர்ல நிக்கறா. கை நீட்டினா தொடற தூரம். எதுக்கு அவ்வளவு சத்தம்?

கிரேன்காரர்: நூறடி உசரத்துல உக்காந்து, கீழ எவன் எதைத் தூக்கிட்டு வர்றான்னு பாக்கறதுதானே என் பொழப்பு... அந்தப் பச்சைப் பையைத் தூக்கிட்டு நீ தெருமுனை திரும்பும்போதே ஜன்னல்லேர்ந்து பாத்துட்டேன். அவளுக்கு மெதுவா சொன்னாலே போதும். அந்தச் சத்தம் உனக்குத்தான், மாப்பிள்ள.