தரை நம்மளுது, தண்ணி அவங்களுது

இல்ல மேடம், அந்தக் கட்டத்த நான் மறந்து காலியா விடல. இறந்த இடம்னு போட்டிருக்கு. ஊரு, தெரு, வீட்டு நம்பர்னு கேட்டிருக்கு. கடல்ல செத்தவனுக்கு எந்தத் தெருவ எழுதுறது? ஆறு வாரமா மூணு ஆபீஸ் ஏறி இறங்கிட்டேன். உக்காருங்கன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்.

மச்சினன் முறை. என் சம்சாரத்தோட தம்பி. வெளிய பெஞ்சுல கைப்பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க, அவதான். கையெழுத்து அவதான் போடணும், தெரியும். கொஞ்ச நேரம் அங்கயே இருக்கட்டும். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளிச்சுப்போச்சு.

நம்ம ஆபீஸ்ல என்ன சொல்றாங்கன்னா, அவர் செத்தது பக்கத்து நாட்டுத் தண்ணியில, அங்க போய் சர்டிபிகேட் வாங்குங்கன்றாங்க. அங்க எழுதிக் கேட்டா, எங்க தண்ணியில எந்த உடம்பும் கிடைக்கலையே, படகு உங்க தரையிலல்ல கிடக்குதுன்னு பதில் வருது. ரெண்டு பேர் சொல்றதும் சரி. அதான் சிக்கலே.

எப்படின்னா கேக்குறீங்க? சொல்றேன், இது என் தொழில். எல்லை ஆபீஸ்ல மேப் போடுறவன் நான். இருபத்தாறு வருஷமாச்சு. ரெண்டு நாட்டுக்கு நடுவுல கடல் இருந்தா கோடு ஒண்ணுதான்னு எல்லாரும் நினைச்சிருக்காங்க. நமக்கு ரெண்டு. கடலுக்கு அடியில போற தரை எங்க நிலத்தோட தொடர்ச்சிதான்னு நம்மாளுங்க வாதாடி, தூரத்துல ஒரு பெரிய பள்ளம் வர்ற வரைக்கும் வாங்கிட்டாங்க. அது ஒரு ஒப்பந்தம். மேல இருக்கிற தண்ணிக்கு, மீனுக்கு, அப்புறமா தனியா பேசினாங்க. அதுல சரிபாதி, ரெண்டு கரைக்கும் நட்டநடுவுல கோடு. ரெண்டு கோட்டுக்கும் இடையில நீளமா ஒரு பட்டை விழுந்துபோச்சு. அந்தப் பட்டையில தரை நம்மளுது, தண்ணி அவங்களுது. ஒரே வீட்டுல கீழ் போர்ஷன் ஒருத்தனுக்கு, மாடி இன்னொருத்தனுக்குன்னு எழுதி வச்ச மாதிரி.

சிரிச்சுக்கோங்க மேடம், தப்பில்ல. என் மச்சினனும் இதக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். தரையில ஒட்டிக்கிட்டு இருக்கிற சங்கு நம்மளுது, நீந்துற மீன் அவங்களுதுன்னு சொன்னேன். அப்போ சங்கு எம்பிக் குதிச்சா பாஸ்போர்ட் கேப்பாங்களா அத்தான்னான். அப்படித்தான் அவன். எல்லாரும் ஸ்பேனர்னுதான் கூப்பிடுவாங்க. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அங்க ஓடற ஜெனரேட்டர் பக்கத்துல போய்க் காது குடுத்துட்டு நிப்பான். இன்ஜின் சத்தம் அவனுக்குப் பாட்டு.

அந்தப் பட்டையில அடித்தரை மண் எடுத்துப் பார்க்கிற ஆய்வுப் படகு ஒண்ணுல இன்ஜின் ஆள் வேணும்னு வந்தாங்க. நான்தான் சொல்லிச் சேத்துவிட்டேன். தரை நம்மளுதுங்கறதால மண் எடுக்க நமக்கு உரிமை இருக்கு. ஏழு பேர். நாலாவது பயணம்.

மத்தியானம் ஒண்ணரை மணிக்கு இன்ஜின் ரூம்ல தண்ணி ஏற ஆரம்பிச்சிருக்கு. ஆறு பேர் ரப்பர் மிதவையில இறங்கிட்டாங்க. இவன் இறங்கல. பம்ப் ஓடுது, ஓடற வரைக்கும் படகு நிக்கும், கப்பல் வர்றதுக்குள்ள எதுக்கு விடணும்னிருக்கான். ரேடியோவுல கப்பல் வருதுன்னு சொல்லிட்டாங்கல்ல. பொய் இல்ல. நம்ம ரோந்துக் கப்பல் நாப்பது நிமிஷ தூரத்துல இருந்துச்சு. கிளம்பி வந்துகிட்டும் இருந்துச்சு. தண்ணிக் கோட்டுகிட்ட வந்ததும் நின்னுடுச்சு.

ஏன்னா, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி நம்ம ரோந்துக் கப்பல் ஒண்ணு யாரையோ தொரத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயி, அவங்க புகார் எழுதி, பெரிய தலைவலியாயிடுச்சு. அதுலேருந்து கேக்காம கோட்டத் தாண்டக் கூடாதுன்னு உத்தரவு. கேட்டாங்க. இடம் யாருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அனுமதி வாங்குறதுக்கு மேல எழுதினாங்க, மேல இருந்தவங்க அந்தப் பக்கத்துக்குத் தகவல் குடுத்தாங்க. அந்தப் பக்கத்துக் கப்பல் வந்து சேர்றப்போ நாலரை. படகு நாலு மணிக்கே முழுகிப் போயிடுச்சு. மிதவையில இருந்த ஆறு பேரையும் ஏத்திக்கிட்டாங்க. போர்வை குடுத்து, சூடா குடிக்கக் குடுத்து நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்களாம்.

அந்த ஆறு பேர்ல சமையல்காரர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து சொன்னாரு. மூணு மணி வாக்குல ஸ்பேனர் மேல் தட்டுக்கு வந்தானாம். மூஞ்செல்லாம் எண்ணெய். கப்பல் தெரியுதாடான்னு கத்தினானாம். இவங்க இன்னும் இல்லன்னு கையாட்டினாங்களாம். சரின்னு தலையாட்டிட்டு மறுபடியும் கீழ இறங்கிட்டானாம். அவ்வளவுதான், அதுக்கப்புறம் யாரும் பாக்கல.

பத்து நாள் கழிச்சு கேமராவ இறக்கிப் பாத்தாங்க. படகு ஒருக்களிச்சுப் படுத்திருக்கு. இன்ஜின் ரூம் கதவு மூடியிருக்கு. வெளிய எடுக்க முடியுமான்னு கேட்டேன். கிடக்கிறது நம்ம தரை, தூக்கினா அவங்க தண்ணி வழியா வரணும், அதுக்கு ஒரு கமிட்டி போடணும்னாங்க. அத்தோட விட்டுட்டேன்.

தண்ணி வேண்டாம் மேடம். நான் நல்லாத்தான் இருக்கேன். சாப்பிடுறேன், தூங்குறேன், ஆபீஸ் போறேன். ஒண்ணும் ஆகல, அதான் எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. வேலை வாங்கிக் குடுத்தோமேன்னு நான் உள்ளுக்குள்ள உடைஞ்சு போயிருக்கேன்னு என் சம்சாரம் நினைச்சுக்கிட்டிருக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க, நல்லதுக்குத்தானே செஞ்சீங்கன்னு அவ எனக்கு ஆறுதல் சொல்றா. தம்பியப் பறிகுடுத்தவ அவ.

அதில்ல மேடம்.

கப்பல்லேருந்து கேட்டாங்கன்னு சொன்னேன்ல, அந்த ஃபோன் எங்க ஆபீஸுக்குத்தான் வந்துச்சு. மணி ரெண்டு பத்து. நான் டிபன் பாக்ஸ் கழுவி வச்சுட்டு வந்து உக்காந்தேன், அடிச்சுது, எடுத்தேன். படகு ஒண்ணு தத்தளிக்குது சார், இந்த இடம் நம்மளுதா அவங்களுதான்னு கேட்டு நம்பர் வாசிச்சாரு. எந்தப் படகுன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. மேப்ப விரிச்சு அளந்தேன். தப்பு வந்துடக் கூடாதுன்னு ரெண்டாவது தடவையும் அளந்தேன். தண்ணி அவங்களுது சார், கோட்டுலேருந்து பதினெட்டு கிலோமீட்டர் உள்ள இருக்குன்னு சொன்னேன். நன்றின்னு சொல்லி வச்சுட்டாரு.

ஆபத்துல இருக்கிற உயிரக் காப்பாத்தப் போறதுக்கு எந்தக் கோடும் குறுக்க வராது மேடம். சட்டத்துலயே இருக்கு. அவருக்குத் தெரியாம இருந்திருக்கலாம், இல்ல உத்தரவுக்குப் பயந்திருக்கலாம். எனக்குத் தெரியும். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு அந்தப் பக்கத்தப் புரட்டிக் காட்டுறதே நான்தான். பரவால்ல சார், போங்க, போலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இடம் யாருதுன்னுதான் அவர் கேட்டாரு. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். சரியாச் சொன்னோம்னு கொஞ்சம் திருப்தியாக்கூட இருந்துச்சு.

என்ன மேடம், பேனாவ வச்சுட்டீங்க? எழுதுங்க. இடத்துக்குக் கடலடித் தரைன்னே போடுங்க, நம்ம கணக்குல வந்துடும். காரணம்னு இருக்கிற கட்டத்துல நீரில் மூழ்கின்னு எழுதுங்க, அப்படித்தான் எழுதுவாங்க. இருங்க, அவளக் கூப்பிடுறேன். அவளுக்கு அந்த ஃபோன் விஷயம் தெரியாது.