மடைவாய்ப் பாட்டு, முதற் பதிப்பு

புத்தகங்களைப் படுக்க வைத்து அடுக்கக் கூடாது, ஐயா. என் அலமாரியிலிருந்து இவற்றை அள்ளி வந்த போலீஸ்காரரிடம் வீட்டில் வைத்தே சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. அடியில் கிடக்கிற புத்தகத்தின் முதுகு போய்விடும். அந்த மூலையில் கிடப்பதை மட்டுமாவது நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். நான் எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பேர் சிவதாணு. தோவாளைக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினேழு வயதில் புருஷனை இழந்து திரும்பி வந்த என் தங்கை உலகம்மையும் நானும்தான் வீட்டில். எனக்கு இருந்த ஒரே கிறுக்கு புத்தகம். வாசிக்கிற கிறுக்கு பலருக்கு உண்டு, எனக்குச் சேர்க்கிற கிறுக்கு. முதற் பதிப்பாக இருக்க வேண்டும், எழுதினவர் கையெழுத்து இருக்க வேண்டும். எழுதினவர் தொட்ட பேனா, மைக்கூடு, அடித்துத் திருத்திய தாள், எது கிடைத்தாலும் விடமாட்டேன். கையில் வந்த அன்றே ஓரத்தில் பென்சிலால் தேதி போடுவேன். அந்தத் தேதியில் பொய் இருக்காது. தேதி பொய்யானால் அப்புறம் சேர்த்து வைத்து என்ன, பழைய பேப்பர்க்காரனுக்குப் போடலாம்.

செத்துப்போன வள்ளிநாயகம் பிள்ளை எங்கள் ஊர்க் கவிஞர். அவருடைய முதல் புத்தகம் 'மடைவாய்ப் பாட்டு' 1948இல் அச்சானது. முந்நூறு பிரதி. நாகர்கோவிலில் மாலை போட்டார்கள், திருவனந்தபுரத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். அதில் நாற்பத்தொரு பாட்டு. அவற்றில் முப்பத்தெட்டு என் தங்கை உலகம்மையின் பாட்டு.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. நெல் புடைக்கும்போதும் உரலில் இடிக்கும்போதும் பாட்டு அவள் வாயில் தானாக வரும். பெரியகுளத்து மடை திறக்கிறதை அவள் பாடினால் கேட்கிறவன் காலில் தண்ணீர் ஏறும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். 1946இல் அந்த நோட்டை வள்ளிநாயகம் பிள்ளையிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டேன். ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, "பரவாயில்ல ஓய்" என்று திருப்பித் தந்தார். இரண்டு வருஷம் கழித்து அவர் பேரில் புத்தகம் வந்தது.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மனுஷனுக்குக் கூச்சமே இல்லை. அதை வாங்கி, 'அன்பு நண்பர் சிவதாணுவுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"உம்ம நோட்டுல கெடந்தா கரையான்தான் திங்கும் ஓய்," என்றார். "பாட்டுக்கு யாருவே பட்டயம் வச்சிருக்கா?"

அந்த வார்த்தையை அஞ்சு வருஷம் நெஞ்சில் வைத்திருந்தேன். சோறு இறங்கும்போதெல்லாம் அதுவும் கூட உறுத்தும்.

உலகம்மையிடம் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைக்காமலேயே சிரித்தாள். "போட்டும் அண்ணே. ஆரு பேருல வந்தா என்ன, பாட்டு வெளிய போச்சுல்லா," என்றாள். வாய் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் அழுதிருப்பாள். கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா? அவளுக்காக இதைத் தீர்க்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

முதலில் புத்தகத்தை ஊரில் இல்லாமல் ஆக்கினேன். கடையில் இருந்ததை, கலியாண வீட்டில் பரிசாக வந்ததை, ஆட்கள் வாசித்துப் போட்டதை, எல்லாவற்றையும் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்கு வாய்ச்ச வாசகர் நீரு ஒருத்தர்தான் ஓய்," என்பார். அவர் சொன்னது சரிதான். வேறு ஆளே இல்லாமல் பார்த்துக்கொண்டேன். உலகம்மைக்குத்தான் இது பிடிக்கவில்லை. "எம் பாட்ட இப்படி அலமாரில போட்டுப் பூட்டி வச்சிருக்கியளே அண்ணே," என்று இரண்டொரு தடவை கேட்டாள். பெண்பிள்ளைக்கு இந்த விஷயம் விளங்காது.

பிறகு அவர் கண்ணில் புரை விழுந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். கத்தி வைத்தால் உள்ளதும் போகும் என்று நான் சொன்னேன். ஒரு தடவை அல்ல, வாராவாரம் சொன்னேன். அவர் பெண்டாட்டி இல்லாத மனுஷன், பிள்ளைகளும் இல்லை. என்னைத்தான் நம்பினார். கடைசி இரண்டு வருஷம் கையெழுத்துக்கூட நான் விரலில் பேனாவைப் பிடித்துக் கொடுத்து, கையைத் தாளில் கொண்டுபோய் வைத்தால்தான் உண்டு.

மத்தியானங்களில் எங்கள் வீட்டில் இருப்பார். முறத்தில் தவிட்டைப் பரப்பி அதில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருப்பார். உலகம்மை எதிரே குந்தியிருப்பாள். கண் தெரியாத மனுஷனுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

சாயந்திரம் அவரைப் பெரியகுளத்தங்கரையில் நடத்திக் கூட்டிப்போவேன். என் தோளில் கை வைத்தபடி பின்னால் வருவார். பாதி வழியில் மடை. அங்கே கரை ஒடுங்கி, பாசி பிடித்த கல் ஒன்று தண்ணீர்ப் பக்கமாகச் சரிந்திருக்கும். "மடை வருது, வலப்பக்கம் ஒதுங்கும்" என்பேன். ஒதுங்குவார். இரண்டு வருஷம் இப்படியே நடந்தோம்.

ஆனி 13ஆம் தேதி அந்தக் கரையில் வைத்துத்தான் சொன்னார், மடைவாய்ப் பாட்டுக்கு இரண்டாம் பதிப்பு போடப்போவதாக. அட்டையில் உலகம்மையின் பேர் இருக்கும் என்றார்.

அப்புறம் உமக்கு என்ன வேண்டும், கேட்டதுதான் கிடைத்துவிட்டதே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு வருகிறேன்.

மறுநாள், ஆனி 14, அவருக்கு ஒரு சரமகவி எழுதினேன். பெரிய மனுஷர் இறந்தால் பதினாறாம் நாள் இரங்கற்பா அச்சடித்துக் கொடுப்போமே, அதுதான். பத்து வெண்பா. நன்றாக அமைந்தது. பழக்கதோஷம், முதல் படியின் ஓரத்தில் தேதியும் போட்டு அலமாரியில் வைத்தேன். இப்போது உங்கள் மேஜையில் இருப்பது அதுதான். மூன்று நாள் தள்ளிப் போட்டிருந்தால் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று எனக்கும் தெரியும். ஆனால் சொன்னேனே, தேதியில் பொய் எழுத எனக்குக் கை வராது.

ஆனி 17 சாயந்திரம் வழக்கம்போல நடந்தோம். குளம் நிறைந்து கிடந்தது, மடை திறந்திருந்தது. நான் அவரைத் தள்ளவில்லை, ஐயா. மடை வருது என்று அன்றைக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். தோளை மட்டும் கொஞ்சம் விலக்கிக்கொண்டேன்.

"ஓய் சிவதாணு, கையக் குடும்," என்று தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை பேர் பாதியில் நின்றுவிட்டது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். அவர் கண்ணாடி கல்லின்மேல் விழுந்து கிடந்தது. அதை எடுத்து, துண்டால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் சத்தம் போட்டேன். கண்ணாடியிலும் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கிறேன், பாருங்கள்.

பதினாறாம் நாள் நான் சரமகவி வாசித்தபோது அழாத ஆள் இல்லை. உலகம்மை மட்டும் அழவில்லை. மறுநாள் காலையில் இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தாள். ஒன்று, தேதி போட்ட அந்த முதல் படி. எழுத்துத் தெரியாதவள் தேதியை எப்படி வாசித்தாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் முறமும் தவிடும் ஞாபகம் வந்தது. அவர் அவளுக்கு 'அ' முதல் எல்லா எழுத்தும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இன்னொரு தாள், பழைய நோட்டின் முதல் பக்கம். 'சிவதாணு இயற்றியவை' என்று அதில் இருக்கிறது. ஆமாம், அந்த வரி நான் எழுதினதுதான். அவள் அதை முன்பே வாசித்துவிட்டு அவரிடம் சொல்லியிருக்கிறாள். ஆனி 13ஆம் தேதி அவர் என்னிடம் முழுதாகச் சொன்னது இதுதான்:

"நான் உம்மகிட்டத் திருடிட்டேன்னு அஞ்சு வருசமா உள்ளுக்குள்ள வெக்கப்பட்டுக் கெடந்தேன் ஓய். இப்பல்லா தெரியுது, நீரு அவகிட்டத் திருடியிருக்கீரு. ரெண்டு களவையும் முன்னுரையில எழுதிருவோம். பாரம் எறங்கும்லா?"

ஆயிரம் பிரதி போடப்போகிறேன் என்றார். ஆயிரம் பிரதியை நான் எப்படி வாங்கித் தீர்ப்பேன், சொல்லுங்கள்.

நான் திருடவில்லை, ஐயா. அவள் வாயில் வந்தது காற்றோடு போயிருக்கும், தாளில் நிறுத்தினவன் நான். புருஷன் இல்லாத பெண்ணின் பேரைப் போட்டால் ஊர் நாலு விதமாகப் பேசும். அதற்காகத்தான் என் பேரைப் போட்டேன். செய்ததெல்லாம் அவளுக்காகத்தான். அவளுக்கு அது இன்னும் விளங்கவில்லை.

என் வாக்குமூலம் முடிந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம். அவள் கொடுத்த புகாரில், கைநாட்டு வைக்கச் சொன்ன இடத்தில், பேனாவைக் கேட்டு வாங்கித் தன் பேரை எழுதியிருக்கிறாள். இங்கிருந்தே தெரிகிறது. தவிட்டில் எழுதிப் பழகின கை, ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு இருக்கிறது. 'உலகம்மை'. அவள் வாழ்நாளில் போட்ட முதல் கையெழுத்து. தேதியும் சரியாக இருக்கிறது. வழக்கு முடிந்ததும் அந்தத் தாளை எனக்குத் தர முடியுமா, ஐயா? அதுவரை மடிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.