பூஜ்யக் கொக்கிக்கு உரியவரே!

கணினித்துறையின் கண்மணியே! டனீடன் நகரத்துக் குளிரில் எங்களுக்குக் கணப்பாய் வாய்த்த கனிவே! நிரல் எழுதுவோர் நெஞ்சமெல்லாம் நிறைந்த நைரி டல்லக் அம்மையாரே! வணக்கம்.

தாங்கள் இக்கல்லூரியில் கால்வைத்த புதிதில், தேநீர் அறையில் கோப்பை மாட்டும் கொக்கிகளுக்கு எண் எழுதும் வேலை தங்களிடம் வந்தது. கதவோரக் கொக்கிக்குப் பூஜ்யம் என்று எழுதி, தங்கள் நீலக் கோப்பையை அதில் மாட்டினீர்கள்.

"ஏங்க, ஒண்ணுல இருந்து எண்ணணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலியா?" என்று கேலி செய்தார் அலுவலக ஹேமிஷ்.

"எத்தனாவதுன்னு கேக்காதீங்க ஹேமிஷ், எவ்வளவு தள்ளின்னு கேளுங்க. என் கோப்பைக்குக் கதவுகிட்ட இருந்து நகரவே வேணாம், அதான் பூஜ்யம். உங்களுது ஒரு கொக்கி தள்ளி, அதான் ஒண்ணு" என்றீர்கள்.

கணினியின் நினைவகத்தில் தரவுகளை அடுத்தடுத்து அடுக்கிய வரிசையாகிய அணியும் அப்படித்தானே! தொடக்கத்திலிருந்து தள்ளிப்போகும் தூரமே அங்கு எண். முதலில் இருப்பதற்குத் தூரம் ஏது? பாடநூல்கள் பக்கம் பக்கமாய்ப் படுத்திய பாட்டைத் தேநீரில் பால் கலக்கும் நேரத்தில் தீர்த்துவைத்த பேரறிவே!

அது எங்கள் இரத்தத்திலேயே ஊறிவிட்டது. விருந்துக்கு அழைத்து, "முனையில இருந்து மூணாவது வீடு" என்றீர்கள். எங்கள் ரோரி பூஜ்யத்திலிருந்து எண்ணி நான்காவது வீட்டில் நுழைந்து, முன்பின் அறியாதவர்கள் பரிமாறிய ஆட்டிறைச்சியை ஒரு கை பார்த்துவிட்டு, "நைரி எங்க காணோம்?" என்று கேட்டாரே! "விடுங்க, அவரு வயித்துக்கு எண்ணத் தெரியாது" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை இனி எங்கே போய்க் கேட்போம்?

பணி ஓய்வு பெற்று, தென்கடல் தாண்டி ஸ்டூவர்ட் தீவில் தங்கையோடு குடியேறப் போகிறீர்கள். "கோப்பைய நான் எடுத்துக்குறேன், கொக்கிய புதுசா வர்ற பொண்ணுக்குக் குடுத்துடுங்க" என்று போன வாரம் சொன்னீர்கள். வேறு எதைக் கேட்டாலும் தருவோம் தாயே, இதை மட்டும் கேளாதீர்கள்! அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு என்று எழுதிப் புதுக் கொக்கி அடித்தாயிற்று. நீலக் கோப்பை இங்கேயே தொங்கும். அதில் தேநீர் வேண்டுமென்றால் கப்பலேறி வாருங்கள்.

பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று ஊர் சொல்லும். போற்றத்தக்கது என்றும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு. இரண்டாம் பொருளைத் தங்களால் அறிந்தோம். முதற்பொருளை நாளைக் காலைத் தேநீர் வேளையில் அறியப் போகிறோம்.

கடற்காற்றும் தங்கையின் கைமணமும் தங்கள் உடலையும் உள்ளத்தையும் காக்க! நோயறியா நெடுவாழ்வு தங்களுக்கு வாய்க்க! நகரவே வேண்டாத இடம் என்று சொல்லிவிட்டு, நைரி, நீங்கள் ஏன் நகர்கிறீர்கள்?

தங்களிடமிருந்தே தம் தூரத்தை எண்ணிப் பழகிய,
கொக்கி ஒன்று முதல் பதினொன்று வரை.